சுங்கச் சுவரும் சண்முகம் செட்டியாரும்

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் யார் என்று கேட்டால், போட்டித் தேர்வு எழுதும் மாணவர்கள் உடனே விடை சொல்லிவிடுவார்கள்: ஆர்.கே. சண்முகம் செட்டியார். அந்த ஒரு வரி விடைக்கு அப்பால் அவரைப் பற்றி நம்மில் பலர் அறிந்தது குறைவு. மதுரையில் பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், பன்னாட்டு வணிகம் பற்றிய பாடத்தை நான் அவருடைய வாழ்க்கையிலிருந்தே தொடங்குவது வழக்கம். ஒரு நாடு சுங்கச் சுவருக்கு உள்ளே நிற்பதா, வெளியே நிற்பதா என்ற கேள்வியை ஏட்டில் படித்தவர்கள் நாங்கள். அதே கேள்வியைப் பேச்சுவார்த்தை மேசையிலும் திவான் நாற்காலியிலும் அமைச்சர் பதவியிலும் மாறி மாறி எதிர்கொண்டவர் அவர்.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் விரிவான பொருளாதார, வணிக ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட்டன. இந்தியத் துணிகளுக்கும் ஆடைகளுக்கும் தோல் பொருள்களுக்கும் பிரிட்டன் விதித்துவந்த வரியை நீக்குவது அதன் முதன்மையான கூறுகளில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2007-இல் தொடங்கி, 2013-இல் நின்று, 2022-இல் மீண்டும் தொடங்கிய பேச்சுகளும் இதே நோக்கம் கொண்டவை. இத்தகைய ஒப்பந்தங்களை வரவேற்போரும் ஐயுறுவோரும் இன்று முன்வைக்கும் வாதங்களில் பெரும்பாலானவை 1932-ஆம் ஆண்டிலேயே பேசப்பட்டுவிட்டன. அந்த விவாதத்தின் நடுவில் நின்றவர் சண்முகம் செட்டியார்.

கதைக்குள் செல்லுமுன் ஒரு சிறு விளக்கம் தேவை. சில நாடுகள் கூடித் தமக்குள் சுங்கவரி இல்லை என்றும், வெளியிலிருந்து வரும் சரக்குக்கு அனைவரும் ஒரே வரி விதிப்போம் என்றும் முடிவெடுத்தால் அது சுங்க ஒன்றியம். ஐரோப்பிய ஒன்றியம் அத்தகையது. அதன் பொது வரிப்பட்டியலில் ஆயத்த ஆடைகளுக்கான வரி 12 சதவீதம் வரை செல்கிறது. துருக்கி 1996 முதல் தொழிற்பொருள்களுக்கு அந்த ஒன்றியத்துடன் சுங்க உறவு கொண்டிருப்பதால் அதன் சட்டைக்கு வரி இல்லை. வங்கதேசம் மிகவும் பின்தங்கிய நாடு என்ற சலுகையில் வரியின்றி நுழைந்துவந்திருக்கிறது. இந்தியச் சட்டை வரி கட்டித்தான் நுழைய வேண்டியிருந்தது. நூலின் தரமும் தையற்காரரின் கைத்திறனும் ஒன்றாகவே இருந்தாலும், சுவரின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. சலுகை ஒப்பந்தம் என்பது சற்று வேறு. அதில் ஒவ்வொரு நாடும் தன் சுவரைத் தானே கட்டிக்கொள்ளும். நண்பருக்கு மட்டும் வாயிலைக் கொஞ்சம் திறந்துவைக்கும். வெளியே நிற்பவருக்கு இரண்டின் விளைவும் ஏறத்தாழ ஒன்றுதான்.

சண்முகம் செட்டியார் 1892 அக்டோபர் 17 அன்று கோயம்புத்தூரில் பிறந்தார். வணிகமும் ஆலைத் தொழிலும் அறிந்த குடும்பம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1917-இல் கோவை நகராட்சி உறுப்பினரானார். பின்னர் அதன் துணைத் தலைவரானார். 1920-இல் நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குச் சென்றார். அடுத்த சில ஆண்டுகளில் சுயராஜ்யக் கட்சியின் பக்கம் வந்து, டெல்லியிலிருந்த மத்திய சட்டமன்றத்தில் இடம்பெற்றார். ஜெனீவாவில் நடந்த பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டில் இந்திய முதலாளிகளின் பிரதிநிதியாகவும் கலந்துகொண்டார். கணக்கு அறிந்த வணிகர், சட்டம் அறிந்த வழக்கறிஞர், அவை நடைமுறை அறிந்த உறுப்பினர் ஆகிய மூவரும் அவருக்குள் இருந்தனர். 1930-களின் தொடக்கத்தில் உலக வணிகம் நொறுங்கியபோது, அரசு அவரைத் தேடிவந்ததற்கு இதுவே காரணம்.

1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் வாயிலை அடைத்தது. அமெரிக்கா 1930-இல் இறக்குமதி வரிகளைக் கடுமையாக உயர்த்தியது. தாராள வணிகத்தின் தாயகம் என்று பெருமை பேசிய பிரிட்டனும் 1931 செப்டம்பரில் தங்க நாணயமுறையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு மார்ச் 1 முதல் பெரும்பாலான இறக்குமதிகளுக்கு 10 சதவீதப் பொது வரி விதித்தது. பேரரசுக்கு உட்பட்ட நாடுகளின் சரக்குக்கு விலக்கு உண்டு. ஆனால், கனடா, ஆஸ்திரேலியா போன்ற தன்னாட்சி நாடுகளுக்கும் இந்தியாவுக்கும் அந்த விலக்கு 1932 நவம்பர் 15 வரை மட்டுமே. அதற்குள் பிரிட்டனுடன் உடன்பாடு செய்துகொள்ளாவிட்டால், அர்ஜெண்டினாவும் டென்மார்க்கும் நிற்கும் வரிசையில் இந்தியாவும் நிற்க வேண்டும். அழைப்பிதழ் போலத் தோன்றினாலும் அது ஒரு கெடு.

அந்தக் கெடுவுக்குள் உடன்பாடு காண, 1932 ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 20 வரை கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் பேரரசுப் பொருளாதார மாநாடு கூடியது. சர் அதுல் சட்டர்ஜி தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியாரும் ஓர் உறுப்பினர். மாநாட்டின் இறுதி நாளில் ஒப்பந்தம் கையொப்பமானது. 163 வகைப் பிரிட்டிஷ் பொருள்களுக்கு இந்தியா வரிச்சலுகை தரும். மோட்டார் வாகனங்களுக்கு ஏழரை சதவீதம், ஏனையவற்றுக்குப் பெரும்பாலும் 10 சதவீதம் என்று சலுகை வகுக்கப்பட்டது. ஈடாக, இந்தியாவின் தேயிலை, சணல் பொருள், தோல், நிலக்கடலை, ஆளிவிதை முதலியவற்றுக்குப் பிரிட்டிஷ் சந்தையில் சலுகை கிடைக்கும். இந்தியப் பருத்தியின் பயன்பாட்டைப் பெருக்க ஒத்துழைப்பதாகவும் பிரிட்டன் உறுதியளித்தது.

ஒட்டாவாவில் எழுதப்பட்ட இந்தத் தாளுக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. திருமங்கலத்தைத் தாண்டினால் விருதுநகர், கோவில்பட்டி வரை விரியும் கரிசல் நிலத்தைப் பாருங்கள். அங்கு விளைந்த பருத்தியையும் கடலையையும் உள்ளூரார் மட்டும் நுகரவில்லை. பஞ்சு தூத்துக்குடி வழியே கப்பலேறியது. சென்னை மாகாணத்துக் கடலை பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் சென்றது. மதுரையில் ஹார்வி நிறுவனத்தின் பெரிய நூற்பாலை இருந்தது. அதன் நூலுக்கு விலை சொல்வதில் ஜப்பானியப் போட்டி ஒரு பங்கு வகித்தது. எங்கோ ஒரு துறைமுகத்தில் வரி ஏறினால் இங்கே கமிஷன் மண்டியில் விலை இறங்கும். அந்த விலையை விவசாயி அறிவார். அதன் காரணத்தை அவருக்குச் சொல்வோர் இல்லை.

சண்முகம் செட்டியாரின் கணக்கு எளிமையானது. பிரிட்டன் இந்தியாவின் மிகப்பெரிய வாடிக்கையாளர். அதன் சுவர் எழும்பிவிட்டது. அதை நாம் தடுக்க முடியாது. வெளியே நின்றால் நம் தேயிலையும் தோலும் கடலையும் 10 சதவீதச் சுமையைத் தாங்க வேண்டும். பேரரசுக்குள் இருக்கும் போட்டியாளர்களோ சுமையின்றி நுழைவார்கள். ஆகவே, சலுகையால் வரும் இலாபத்தைவிட, சலுகை இல்லாமையால் வரும் இழப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எதிர்த்தவர்களின் கணக்கும் பொய்யன்று. நம் தேயிலைக்குப் போட்டி இலங்கைத் தேயிலை. அதுவும் அதே சுவருக்குள்தான் இருந்தது. ஆகவே, சலுகை ஜாவாவுக்கு எதிராக மட்டுமே பயன்படும். நைஜீரியக் கடலையும் சுவருக்குள் இருந்தது. கச்சாப் பருத்திக்குப் பிரிட்டன் எவரிடமும் வரி வாங்கவில்லை. எனவே, அதில் சலுகைக்கே இடமில்லை. மூலப்பொருள் ஏற்றுமதியில் நமக்கு மிகுதி தேடித்தந்தவர்கள் பேரரசுக்கு வெளியே இருந்தவர்கள். அவர்களின் சரக்குக்குக் கூடுதல் வரி விதித்தால் அவர்கள் நம் பஞ்சையும் கடலையையும் வேறிடத்தில் வாங்கமாட்டார்களா? இதற்கெல்லாம் மேலாக, 163 பொருள்களின் விலை வேறுபாட்டை இங்குள்ள நுகர்வோர் சுமக்க வேண்டும். சலுகை பெறுவோர் ஏற்றுமதியாளர். விலை கொடுப்போர் மற்றவர்.

பொருளாதாரத்தில் இவ்விரண்டு கணக்கையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும். முதலாவது, வெளியே நிற்பதன் விலை. இரண்டாவது, உள்ளே செல்வதன் விலை. சண்முகம் செட்டியார் முதலாவதை அழுத்திச் சொன்னார், எதிர்த்தவர்கள் இரண்டாவதை. அவரைப் பிரிட்டனின் கையாள் என்று ஏசியது அரசியல். அவருடைய கணக்கு பாதிக் கணக்கு என்பதே என் மதிப்பீடு. ஆனால், அந்தப் பாதி உண்மையானது.

மீதிப் பாதி எவ்வளவு கனமானது என்பதை அடுத்த ஆண்டே ஜப்பான் காட்டியது. இது ஒட்டாவா ஒப்பந்தத்தின் நேரடி விளைவன்று. ஆயினும், அதே சுவர் அரசியலின் மற்றொரு முகம். பிரிட்டிஷ் அல்லாத பருத்தித் துணிகளுக்கான இறக்குமதி வரியை இந்திய அரசு 1932 ஆகஸ்டில் 50 சதவீதமாகவும் 1933 ஜூனில் 75 சதவீதமாகவும் உயர்த்தியது. குறி ஜப்பான். ஜப்பானிய நூற்பாலைகள் இந்தியப் பருத்தியை வாங்குவதில்லை என்று முடிவெடுத்தன. இந்தியாவின் குறு இழைப் பருத்திக்கு ஜப்பானே மிகப்பெரிய வாடிக்கையாளர். துணியாலைகளைக் காப்பாற்றிய வரி, பருத்தி விவசாயியைத் தாக்கியது. 1934 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. ஜப்பான் ஆண்டுக்கு 15 இலட்சம் பொதி பருத்தி வாங்கினால் 40 கோடி கெஜம் துணியை இங்கே விற்கலாம். வரி 50 சதவீதமாகக் குறையும் என்பது அதன் சாரம். ஒரு நாட்டின் பஞ்சும் துணியும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒட்டாவா ஒப்பந்தத்தின் அடுத்த கட்டம்தான் இன்று நாம் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டியது. ஒப்பந்தம் மத்திய சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அவை ஒரு தனிக்குழு அமைத்து அதை ஆராய்ந்தது. காங்கிரஸ் வெளியே இருந்தது. அதன் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். ஆகவே எதிர்ப்பின் வலு குறைவு. சண்முகம் செட்டியார் அவையில் எழுந்து தான் கையாண்ட ஒவ்வோர் எண்ணுக்கும் விளக்கம் அளித்தார். 1932 இறுதியில் அவை ஒப்புதல் தந்தது. ஆனால், நிபந்தனையின்றித் தரவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் விளைவைப் பார்த்து மீண்டும் முடிவெடுக்கும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 1936 மார்ச்சில், புதிய அவை அந்த உரிமையைப் பயன்படுத்தி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளச் சொல்லி வாக்களித்தது. சலுகைகள் உடனே மறையவில்லை. 1939-இல் குறுகலான புதிய ஒப்பந்தம் வரும்வரை நீடித்தன. இருப்பினும், ஓர் அடிமை நாட்டின் அரைகுறை அதிகாரம் கொண்ட அவை, ஒரு வணிக ஒப்பந்தத்தை ஆராய்ந்து, ஏற்று, பின்னர் நிராகரித்தது என்பது வரலாறு.

அந்த வாக்கெடுப்பின்போது சண்முகம் செட்டியார் அவையில் இல்லை. 1933-இல் அவர் அதே அவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சர் பட்டமும் அவ்வாண்டு வந்தது. ஆனால், 1934 தேர்தலில் காங்கிரஸ் களமிறங்கியபோது, சாமி வேங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். அது சென்னை மாகாணத்து இந்திய வணிகர்களின் தொகுதி. எந்த வணிகர்களின் நலனுக்காக ஒட்டாவாவுக்குச் சென்றதாக அவர் நம்பினாரோ, அந்த வணிகர்களே அவரைத் திருப்பி அனுப்பினர். பேச்சுவார்த்தைக்குச் சென்றவர் மக்களிடம் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தார், தோற்றார். மக்களாட்சியில் இதைவிட முறையான வழி வேறில்லை.

1935-இல் அவர் கொச்சி சமஸ்தானத்தின் திவானானார். ஆறாண்டுகள் நீடித்த அந்தப் பதவியில், சுங்கக் கேள்வியை மறுபக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தது. இப்போது அவர் பெரிய சந்தையின் வாயிலில் நிற்கும் சிறிய அரசின் ஆள். கொச்சியும் திருவிதாங்கூரும் 1865-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பிரிட்டிஷ் இந்தியாவுடன் ஏறத்தாழ ஒரு சுங்க ஒன்றியத்துக்குள் வந்திருந்தன. தங்கள் எல்லைச் சுங்கத்தைக் கைவிட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் வரிப்பட்டியலை ஏற்றன; ஈடாக வருவாய் உத்தரவாதம் பெற்றன. எல்லோருக்கும் இந்த வாய்ப்பு இருக்கவில்லை. கத்தியவார் சமஸ்தானங்களின் துறைமுகங்கள் வழியே வந்த சரக்கைத் தடுக்க, குஜராத்தின் வீரம்காமில் 1927-இல் சுங்க எல்லை மீண்டும் போடப்பட்டது. ஒரே நாட்டுக்குள், ஒரு மன்னரின் துறைமுகம் உள்ளே. மற்றொரு மன்னரின் துறைமுகம் வெளியே.

பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோவின் உழைப்பால் ஆழப்படுத்தப்பட்ட கொச்சித் துறைமுகம் 1936-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதில் வசூலாகும் சுங்கவரியைக் கொச்சி, திருவிதாங்கூர், பிரிட்டிஷ் இந்தியா ஆகிய மூவரும் பங்கிட்டுக்கொள்வது குறித்து முன்னரே உடன்பாடு இருந்தது. சுங்க ஒன்றியத்தில் வரியைப் பங்கிடுவது, வரியை விதிப்பதைவிடக் கடினமானது. துறைமுகம் ஒருவரிடம் இருக்கும். சரக்கை நுகர்பவர் வேறொருவராக இருப்பார். இந்தக் கணக்குகளுக்கு நடுவே துறைமுகத்தை வளர்த்த திவானின் பெயரை எர்ணாகுளத்தின் சண்முகம் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

போர் மூண்டபின், 1941-இல் இந்திய அரசின் கொள்முதல் குழுவுக்குத் தலைமை தாங்கி அமெரிக்கா சென்றார். 1944 ஜூலையில், 44 நாடுகள் கூடிய பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழுவின் உறுப்பினரானார். சர் ஜெரமி ரைஸ்மன் தலைமையிலான அக்குழுவில் சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராஃப் ஆகியோரும் இருந்தனர். அங்கு இந்தியா இரண்டு கோரிக்கைகளை வற்புறுத்தியது. பொருளாதாரத்தில் பின்தங்கிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவுவதையும் பன்னாட்டு நிதியத்தின் நோக்கங்களில் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. போர்க்காலத்தில் பிரிட்டனுக்குக் கொடுத்த சரக்குக்கும் சேவைக்கும் ஈடாக லண்டனில் குவிந்து கிடந்த ஸ்டெர்லிங் இருப்பைப் பிற நாணயங்களாக மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது ஏற்கப்படவில்லை. முதலாவது, உறுப்பு நாடுகள் அனைத்தின் உற்பத்தி வளங்களையும் பெருக்குவது என்ற மென்மையான சொற்களில் நிதியத்தின் விதிகளில் இடம்பெற்றது.

ஒட்டாவாவின் மறுபக்கமே இந்த ஸ்டெர்லிங் கோரிக்கை. பிரிட்டனின் வணிகச் சுவருக்குள் நின்ற நாடு, அதன் நாணயச் சுவருக்குள்ளும் நின்றாக வேண்டியிருந்தது. சம்பாதித்த பணம் நம்முடையது. ஆனால், அதைக் கொண்டு அமெரிக்காவில் ஓர் இயந்திரம் வாங்க லண்டனின் சம்மதம் வேண்டும். உள்ளே இருப்பதன் விலை என்ன என்பதைச் சண்முகம் செட்டியார் தம் அனுபவத்தில் கண்ட இடம் இது.

1947 ஆகஸ்ட் 15 அன்று அவர் நேருவின் அமைச்சரவையில் நிதியமைச்சரானார். காங்கிரஸ்காரர் அல்லாதவர்; சில ஆண்டுகளுக்கு முன் காங்கிரஸால் தோற்கடிக்கப்பட்டவர். ஆயினும், திறமை கருதி அழைக்கப்பட்டார். நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை அவர் முன்வைத்தார். ஏழரை மாதக் காலத்துக்கான அந்த அறிக்கையில் வருவாய் ரூ. 171.15 கோடி, செலவு ரூ. 197.39 கோடி. பிரிவினையின் காயத்தில் நாடு இருந்ததால் புதிய வரிகளைத் தவிர்த்தார். விதிவிலக்காக, பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரியை உயர்த்தினார். உள்நாட்டில் துணித் தட்டுப்பாடு; வெளிநாட்டில் பல மடங்கு விலை. அந்த வேறுபாடு முழுவதும் வணிகரின் பைக்குள் போவதில் நியாயமில்லை என்பது காரணம். ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர் துணி ஏற்றுமதியின் மீது வரி விதித்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய சோதனை எல்லையில் காத்திருந்தது. பிரிவினைக்கு முன், கராச்சி முதல் சிட்டகாங் வரை, தூத்துக்குடி வரை, ஒரே வரிப்பட்டியல். மக்கள் தொகையில் உலகின் மிகப்பெரிய சுங்கப் பரப்புகளில் அது ஒன்று. ரெட்கிளிஃபின் கோடு அதை வெட்டியது. சணல் விளைந்த வயல்கள் கிழக்கு வங்கத்தில்; அதை நூற்ற ஆலைகள் ஹூக்ளிக் கரையில். நீண்ட இழைப் பருத்தி விளைந்த நிலம் சிந்துவிலும் மேற்குப் பஞ்சாபிலும். அதை வாங்கிய ஆலைகள் பெரும்பாலும் இந்தியாவில். சில மாதங்களுக்குப் பழைய நிலை தொடரட்டும் என்று இரு அரசுகளும் முதலில் ஒப்புக்கொண்டன. பாகிஸ்தான் கச்சாச் சணலுக்கு ஏற்றுமதி வரி விதித்தது, தகராறு முற்றியது. 1948 மார்ச் 1 முதல், சுங்கத்தைப் பொறுத்தவரை பாகிஸ்தான் அந்நிய நாடு என்று இந்தியா அறிவித்தது. நேற்றுவரை உள்நாட்டு வணிகமாக இருந்தது, ஒரே நாளில் ஏற்றுமதியும் இறக்குமதியும் ஆனது.

இவ்வாறு நடந்திருக்க வேண்டியதில்லை. 1947 அக்டோபரில் ஜெனீவாவில் 23 நாடுகள் கையொப்பமிட்ட காட் உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, சுங்க ஒன்றியங்களை அனுமதிக்கிறது. அதே பிரிவில், இந்தியாவும் பாகிஸ்தானும் தமக்குள் சிறப்பு வணிக ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று பெயர் சொல்லியே ஒரு துணைப்பிரிவு சேர்க்கப்பட்டது. இன்றைய உலக வணிக அமைப்பின் விதிகளிலும் அது இருக்கிறது. வாயிலை உலகம் திறந்துவைத்தது, இருவரும் நுழையவில்லை. காஷ்மீரில் துப்பாக்கிகள் பேசிக்கொண்டிருந்தபோது சணலுக்கும் பஞ்சுக்கும் தனியே சமாதானம் எழுத எந்த நிதியமைச்சராலும் இயலாது என்பது உண்மை. ஆனாலும், சுங்கப் பரப்பு ஒன்று உடைவதற்கு ஆகும் செலவை இரு நாட்டு உழவரும் ஆலைத் தொழிலாளரும் கட்டினார்கள் என்பதும் உண்மை.

அந்த ஆண்டு ஜூலையில் லண்டன் சென்று ஸ்டெர்லிங் இருப்பு குறித்த ஒப்பந்தத்தை முடித்தார். 100 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட அந்த இருப்பிலிருந்து படிப்படியாகப் பணம் பெற வழி பிறந்தது. திரும்பிய சில வாரங்களில் பதவியை இழந்தார். வரி ஏய்ப்பை விசாரிக்க அமைத்த ஆணையத்துக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில வழக்குகள் திரும்பப் பெறப்பட்டதாக நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. பொறுப்பை ஏற்று 1948 ஆகஸ்ட் 17 அன்று விலகினார். ஜான் மத்தாய் அவரிடத்துக்கு வந்தார். இந்த விலகலை மறைத்து அவருடைய வாழ்க்கையை எழுதுவது முறையன்று. வணிகர்களைப் பற்றி எடுக்கும் முடிவு வெளிச்சத்தில் எடுக்கப்பட வேண்டும் என்ற பாடம் அவருடைய வெற்றிகளில் இருப்பதுபோலவே இந்த வீழ்ச்சியிலும் இருக்கிறது.

அரசியலுக்கு அப்பால் அவருக்கு மற்றொரு வாழ்க்கையும் இருந்தது. தமிழிசை இயக்கத்தின் முன்னணியில் நின்றார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதினார். சோழரின் புலிச் சின்னம் பொறித்துச் சரக்குக்குச் சுங்கம் வாங்கிய துறைமுகம் புகார் என்பதைப் பட்டினப்பாலையால் அறிகிறோம். கொச்சியில் சுங்கப் பங்கீட்டுக் கணக்குப் பார்த்தவர், புகாரின் வணிக வீதிகளைப் பற்றி உரை எழுத அமர்ந்தது பொருத்தமே. 1953 மே 5 அன்று மறைந்தார்.

அவர் மறைந்து இருபதாண்டுகளுக்குப் பின் ஒட்டாவாக் கதைக்கு முடிவுரை எழுதப்பட்டது. 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. பேரரசுச் சலுகை படிப்படியாக மறைந்தது. 1932-இல் என் சுவருக்குள் வா என்று கெடு வைத்த நாடு, 1973-இல் வேறொரு சுவருக்குள் நுழைந்து, நம் துணியையும் சணலையும் வெளியே விட்டது. பின்னர் அச்சுவரிலிருந்தும் வெளியேறி, 2020 இறுதியில் தனிச் சுங்கப் பரப்பானது. 2025-இல் நம்முடன் கையொப்பமிட்டது. சலுகையின் ஆயுள், அதைத் தருபவரின் வசதியைப் பொறுத்தது.

மதுரையைச் சுற்றியுள்ள தொழில்கள் இன்றும் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. இராஜபாளையத்தின் மருத்துவக் கட்டுத்துணி, அருப்புக்கோட்டையின் நூல், மேலூர்ப் பகுதியின் கிரானைட், மதுரையின் மல்லிகை ஆகியவற்றின் விலை ஏதோ ஒரு வரிப்பட்டியலோடு பிணைந்தது. ஒவ்வொரு புதிய ஒப்பந்தத்தையும் பற்றி இவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. அந்தச் சுவருக்குள் நம் போட்டியாளர் ஏற்கெனவே இருக்கிறாரா? நாம் ஈடாகத் திறக்கும் வாயில் வழியே வருவது எது. அதனால் இங்கே பாதிக்கப்படுவோர் யார்? சலுகை தரும் நாடு மனம் மாறினால் நமக்கு வேறு சந்தை உண்டா?

இக்கேள்விகளை எங்கே எழுப்புவது? 1932-இல் ஓர் இடம் இருந்தது. இன்று, வணிக ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற கட்டாயம் நம் அரசமைப்பில் இல்லை. அரசு பேசுகிறது, அரசு கையொப்பமிடுகிறது, வரி மாற்றம் அறிவிக்கையாக வருகிறது. பேச்சுவார்த்தையில் இரகசியம் தேவை என்பதை ஏற்கலாம். கையொப்பத்துக்குப் பின் நாடாளுமன்றக் குழு ஆராய்வதற்கும், சில ஆண்டுகளுக்குப் பின் விளைவைக் கணக்கிட்டு அவையில் வைப்பதற்கும் எந்த இரகசியமும் தடையன்று.

சண்முகம் செட்டியார் கொண்டுவந்த ஒப்பந்தத்தை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் பொருளாதாரப் பார்வை. ஆனால், அவர் அதை அவையின் முன் வைத்து வாதாடினார். வாக்காளர் முன் நின்று தோல்வியை ஏற்றார். மூன்றாண்டுகளுக்குப் பின் அவை அதை மறுபரிசீலனை செய்தது. அந்நியர் ஆட்சியில் நமக்கு இருந்த அந்த நடைமுறையைச் சட்டமாக்க, சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம் இனியும் தாமதிக்கக் கூடாது.